முப்பத்திநாலு றாத்தல்

எங்கள் ஊரில் பாணும் றாத்தல், வில்லும் றாத்தல்.
என் வில் முப்பத்திநாலு.
முன்பெல்லாம் அதைத் தாடைவரை இழுத்துப் பிடித்தபடி
மத்தியானம் என்ன கறி என்று யோசிப்பேன்.

பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம்
மைதானத்துக்குத் திரும்பினேன்.
தோள் வந்தது. விரல் வந்தது.
கண் வழக்கம்போல மஞ்சள் வட்டத்தில் போய் இருந்தது.
நடுவில்தான் ஆளைக் காணவில்லை.

அடிவயிற்றில் அரைச் சாண் தையல்.
அதற்கு மேலும் கீழும்
கதைபேச்சில்லாத இரண்டு வீடுகள்.
நாணை இழுக்க மேல்வீடு பின்னால் சாய்ந்தது,
கீழ்வீடு படலையைச் சாத்திக்கொண்டது.
பன்னிரண்டு அம்பு.
மூன்று வெள்ளை வளையத்தில், இரண்டு வைக்கோல் மெத்தையில்,
மிச்சமெல்லாம் புல்லுக்குள்.
றிஸ்மியாவும் நானும் குனிந்து குனிந்து தேடினோம்.
எய்ததை விடக் குனிந்ததுதான் நொந்தது.

கை பலம் காணாது, டம்பெல் தூக்கு என்றார்கள்
வேலியோரம் கிரிக்கெட் ஆடியவர்கள்.
ஆஸ்பத்திரியில் சமன்மலி
தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினாள்.
"இங்க ஒருத்தரும் வேலைக்கு வரல்ல"
என்றாள், உடைந்த தமிழில்.
அதைவிடச் சரியான தமிழை நான் கேட்டதில்லை.

அதன்பிறகு
இரவில் அடுப்படிச் சீமெந்துத் தரையில்
செத்த கரப்பான்போல மல்லாந்து கிடந்தேன்.
ஒரு கால் இறங்கும்போது
முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது.
எழும்பியது.
முதல் கிழமை ஓர் ஓணான் போகலாம்.
மூன்றாம் கிழமை எறும்பு.

குப்புறத் திரும்பி, முழங்கை ஊன்றி, பலகையாக நின்றேன்.
பன்னிரண்டு செக்கன்.
மூக்கு நுனியில் வியர்வை
விழவா வேண்டாமா என்று கேட்டது.
எட்டாம் மாதம் மகள் தவழத் தொடங்கினாள்.
நான் அவளுக்குக் கிண்ணியாப் பாலம்.
அடியால் போவாள், திரும்பி வருவாள்,
நடுவில் நின்று என் சட்டைப் பொத்தானைச் சப்புவாள்.
முப்பத்தியோராம் செக்கனில் பாலம் இடிந்தது.
அவள் கைதட்டினாள்.
வேறு யாரும் பார்க்கவில்லை, இதற்குப் புள்ளியும் இல்லை.

நிலாவெளி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல்
நின்று பார்த்தேன், வயிற்றை மட்டும் நம்பி.
சாம்பல்தீவுப் பாலம்வரை நின்றேன்.
பிறகு யாரோ ஓர் ஐயாவின்
மரக்கறிப் பைமேல் இருந்தேன்.

ஆடி மாதம். கச்சான் காற்று.
தரையிலிருந்து கடலுக்குச் சூடாய் ஓடுகிற காற்று
இலக்குத் தாளைப் படபடக்க அடித்தது.
மாவட்டத் தெரிவு, எழுபது மீற்றர், கடைசி ஆறு அம்பு.
நான் இழுத்து, நாண் தாடையில் பட்டு,
கிளிக்கர் தட்டுவதற்கு ஒரு மயிரிழை இருக்க
விசில் ஐந்து முறை.

மான்.
கோட்டைப் பக்கத்து மான்களில் ஒன்று
பஸ் நிலையத்தைக் கடக்கிற அதே அலட்சியத்தோடு
இலக்குகளுக்கு முன்னால் நடந்து வந்தது.

விட்டால் விரல் திறந்தால் போதும்.
விடாமல் திரும்பக் கொண்டுவருவதுதான் பாரம்:
முப்பத்திநாலு றாத்தலும்
வந்த வழியே, அங்குலம் அங்குலமாக, உடம்புக்குள்.
கைகள் நடுங்கின, நடுங்கட்டும்.
தையலுக்குக் கீழே யாரோ படலையைத் திறந்து
மேல்வீட்டுக்குக் கைகொடுத்தார்கள்.
நான் சாயவில்லை.
அம்பு வில்லிலேயே இருந்தது.

றிஸ்மியா மட்டும் கண்டாள்.
"வடிவா இறக்கினாய்" என்றாள்,
பத்துக்கு எய்தவளிடம் சொல்வதுபோல.

மான் அவசரப்படவில்லை.
காற்றில் பறந்துபோன யாரோ ஒருவரின் புள்ளித்தாளை
முகர்ந்து, நக்கி, ஓரத்தில் தொடங்கித் தின்றது.
என்னுடையதாகவும் இருக்கலாம்.
காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு
அது தின்று முடிக்கும்வரை
கோட்டில் நின்றேன்.